லூதியின் இடது தோள்

1987ஆம் ஆண்டு ஏப்ரலில், சுவிசில் லூசேர்னுக்கு வடக்கே பழத்தோட்டம் வைத்திருந்த வேர்னர் லூதியின் இடது தோளில் ஒரு செரிக்கன்று முளைத்தது. இனிப்புச் செரி, நல்ல சாதி. வைத்தியர் தடவிப் பார்த்துவிட்டு, வேர் நெஞ்சுவரை இறங்கிவிட்டது, பிடுங்கினால் ஆள் மிஞ்சாது என்று சொல்லி ஒரு களிம்பு கொடுத்தார். லூதியின் மனைவி அவனுடைய சட்டைகளின் இடது கைகளை வெட்டித் தைத்தாள். அந்த வசந்தத்தில் பால் விலை ஏறியிருந்ததால் ஊர் அதைப் பற்றித்தான் கூடுதலாகக் கதைத்தது.

காரணம் பக்கத்து எம்மன்புரூக்கேயில் இருந்த எங்கள் தமிழ்ச் சனத்துக்குத் தெரியும். செல்வராணியும் அவள் தம்பி சந்திரகுமாரும் அந்தத் தோட்டத்தில்தான் வேலை செய்தார்கள். 85இன் ஒக்டோபரில் ஒரு கிழமை விடாமல் மழை. புதிதாக நட்ட செரிக்கன்றுகள் கிளைக்க வேண்டுமென்றால் நுனியை வெட்ட வேண்டும். ஆனால் ஈரத்தில் வெட்டினால் வெட்டுவாயால் நோய் இறங்கும். சந்திரகுமார் வெயில் வரட்டும் என்றான். லூதிக்குப் பொறுமை இல்லை, இன்றைக்கே வெட்டு என்றான். அடுத்த வசந்தத்தில் கன்றுகள் பிசின் வழிந்து கருகின. தன் அவசரத்தை ஒப்புக்கொள்ள வெட்கப்பட்ட லூதி, தமிழன் வேண்டுமென்றே நாசம் பண்ணினான் என்று பொலிசில் சொன்னான். அகதி வழக்கு நடந்துகொண்டிருந்த பொடியனுக்கு அந்த ஒரு சொல் போதும். இலையுதிர் காலத்தில் அவனைத் திருப்பி அனுப்பினார்கள். கொழும்பில் இறங்கியவனை யாரோ கூட்டிக்கொண்டு போனார்கள். பிறகு ஒரு தகவலும் இல்லை.

தம்பியை விமானம் ஏற்றிய அன்று செல்வராணி தோட்டத்துக்குப் போய், செரிக்கன்றுகள் நின்ற பாத்தியில் ஒரு பிடி மண் அள்ளி, லூதியின் மேல் எறிந்து திட்டினாள். மண்ணள்ளித் திட்டுவது என்றால் என்னவென்று அவனுக்கு எங்கே தெரியும்? இது இவர்களுடைய ஏதோ மரியாதை என்று நினைத்து, "மெர்சி" என்று நன்றி சொல்லித் தலையாட்டினான் அந்த மடையன். கோட்டைத் தட்டினான், கழுத்துப்பட்டிக்குள் போனதைத் தட்டவில்லை. பனிக்காலம் முழுக்க மண் அங்கேயே கிடந்தது.

முளைத்ததை அவனே கத்தரியால் வெட்டினான். நுனி போனால் கீழே உறங்குகிற மொட்டெல்லாம் விழித்துக்கொள்ளும், இளஞ்செரியின் குணம் அது. ஒன்று நாலானது. கடைசியில் செல்வராணியிடம் வந்து நின்றான். மண்ணைப் போட்ட கை வெட்டினால்தான் திரும்ப முளைக்காது என்று அவள் சொன்னாள். யார் மழைக்குள் வெட்டச் சொன்னது என்பதை அவன் ஊர் கேட்கச் சொல்லட்டும், அதற்குப் பிறகு மழையில்லாத ஒரு நாளில் வெட்டிவிடுவதாக வாக்கும் கொடுத்தாள். தனக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்றான் லூதி.

அப்படியானால் வளர்ப்போம் என்று அவள் முடிவெடுத்தாள், வேறு வழி தெரியாத அவனும் தோளைக் காட்டினான். மொட்டு ஊதும் காலத்தில், ஒவ்வொரு மொட்டுக்கும் சற்று மேலே கிளை அறுக்கும் வாளின் தகட்டால் பட்டையைக் கீறினாள். மேலிருந்து வரும் அதிகாரம் அறுந்தால் மொட்டு துணிந்து வெளியே வரும். தளிர் நிமிர்ந்து வந்து லூதியின் கண்ணைக் குத்தியது. கண்ணைக் காப்பாற்றித் தா என்று அவனே கெஞ்சினான். உடுப்புக் காயப்போடும் கிளிப்புகளைத் தண்டுக்கும் தளிருக்கும் நடுவே மாட்டி, கிளையைப் படுக்கையாக விரித்துவிட்டாள். கண் பிழைத்தது. ஆனால் அவனால் வாசலுக்குள் நுழைய முடியவில்லை, ட்ரக்டரில் ஏற முடியவில்லை, மாட்டுக்கொட்டிலில் படுத்தான். அதற்கும் "மெர்சி" சொன்னான். அவளுக்கு அது தேனாக இருந்தது.

கூட வேலை செய்த திரேசாவுக்குத்தான் மனம் கேட்கவில்லை. "அக்கா, பாவம் அந்தாள். ஒருக்கா வெட்டி விடுங்கோவன்."

"என்ர தம்பி பாவமில்லையோ?" என்றாள் செல்வராணி. "அந்தக் கிளிப்பை எடு. இந்தக் கிளை இன்னும் விரிய வேணும்."

89இன் வசந்தத்தில் லா ஷோ-து-ஃபோன் என்ற ஊரிலிருந்து தயாபரன் என்பவர் வந்தார். சந்திரகுமாரோடு ஒரே தடுப்பு முகாமில் அடைபட்டிருந்து தப்பி வந்தவர். தேத்தண்ணியைக் கையில் வாங்கி, குடிக்காமலே, "தங்கச்சி, அவன் இல்லையம்மா" என்றார். செல்வராணி அழவில்லை. அடுத்த நாள் வேலைக்குப் போய் வாளைத் தீட்டி வைத்தாள்.

இது ஒன்றும் அறியாத லூதி அந்த ஞாயிற்றுக்கிழமை முறிந்துபோனான். தோள் நிறையப் பூவும் தேனீயுமாகத் தேவாலய முற்றத்தில் நின்று, மழைக்குள் வெட்டச் சொன்னது தான்தான், அந்தப் பொடியன் மாட்டேன் என்றுதான் சொன்னான் என்று எல்லோர் முன்னாலும் அழுதான். செல்வராணி வாளோடு முன்னுக்கு வந்தாள். முதல் கிளையைப் பிடித்தபோது அவள் புறங்கையில் ஒரு துளி விழுந்தது. முற்றம் முழுக்க வெயில். மழை லூதிக்கு மேல் மட்டும், ஒரு குடை அகலத்துக்குப் பெய்தது. அவள் வாளைத் துடைத்துப் பைக்குள் வைத்தாள்.

"அக்கா, எல்லா இடமும் வெயில்தானே," என்றாள் திரேசா.

"ஓம். ஆனா வெட்டச் சொல்லி நிக்கிறவர் நனைஞ்சுகொண்டெல்லோ நிக்கிறார். மழைக்குள்ள செரி வெட்டக்கூடாது எண்டு என்ர தம்பி சொன்னவன்."

அந்த மழை பிறகு விடவில்லை. லூதி போகுமிடமெல்லாம் போனது. ஊரார் அவனோடு கதைக்க வரும்போது குடை கொண்டுவரப் பழகிக்கொண்டார்கள். செல்வராணி வாக்குத் தவறவில்லை. காலையில் வாளோடு வந்து அவன் தலைக்கு மேலே அண்ணாந்து பார்ப்பாள், பிறகு மற்ற மரங்களுக்குப் போவாள். தம்பி செத்த நாள் தெரியாததால் செரி பழுக்கும் கிழமையையே திவசமாக வைத்து, லூதியின் தோளில் பறித்த பழத்தைப் படைத்தாள். மழையில் நின்ற பழமென்றால் வெடிக்கும், அதுவும் வெடித்துத்தான் இருந்தது. ஆனால் நல்ல இனிப்பு.