தேசிக்காயில் நிற்காத பிக்கப்

"நான் பிரேக்கைத்தான் மிதிச்சனான்" என்றார் பாலேந்திரா. ஒருவரும் நம்பவில்லை. நம்பாதவர்களில் முதல் ஆள் அவருடைய மனைவி சிவனேஸ்வரி.

லண்டனில் மோர்டன் பக்கத்தில் எந்தத் தமிழ் வீட்டில் நாலு பேர் கூடினாலும் பாலேந்திராவின் மடக்குக் கதிரையில்தான் இருப்பார்கள், அவருடைய கிடாரத்தில் வெந்த சோற்றைத்தான் சாப்பிடுவார்கள். சாமத்திய வீடு, செத்த வீடு எல்லாவற்றுக்கும் கதிரையும் கிடாரமும் வாடகைக்குக் கொடுப்பது அவர் தொழில். அவற்றை ஏற்றி இறக்க ஒரு பழைய யப்பான் பிக்கப் வைத்திருந்தார். பெண்சாதியின் பிறந்தநாளை மறந்தாலும் மறப்பார், அந்த வாகனத்துக்கு ஒயில் மாற்றும் நாளை மறக்கமாட்டார். சிவனேஸ்வரி இதைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

மார்ச் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் ஹரோவில் இருக்கும் மகள் அஜந்தா வீட்டுக்குப் போனார்கள். வாசலில் வாகனம் விடும் இடம் வீட்டுப் பக்கமாகக் கொஞ்சம் சரிவு. பாலேந்திரா ஆமை வேகத்தில்தான் உள்ளே இறக்கினார். ஆனால் நிற்க வேண்டிய இடத்தில் பிக்கப் நிற்கவில்லை. பேத்தி வான்மதியின் மூன்று சில்லுச் சைக்கிளை நசுக்கிக்கொண்டு போய்க் கராஜ் கதவில் முட்டித்தான் நின்றது. தண்ணீர் குடிக்கவென்று பிள்ளை அப்போதுதான் சைக்கிளை விட்டு இறங்கி உள்ளே ஓடியிருந்தாள்.

அஜந்தா வெளியே வந்து சைக்கிளைப் பார்த்தாள். அவளுக்கு ஆஸ்பத்திரியில் வேலை. வயது போனவர்கள் பிரேக் என்று அக்சிலேட்டரைக் கால் மாறி மிதித்து, தாங்களும் அடிபட்டு அடுத்தவரையும் அடித்துக்கொண்டு வந்து சேர்வதைக் கண்டு பழகியவள்.

"பெடல் காலுக்குக் கீழ துடிச்சது பிள்ளை. பிறகு அப்பிடியே கீழ இறங்கிப் போச்சு" என்றார் பாலேந்திரா.

அஜந்தா தாயின் பக்கம் திரும்பினாள். "அம்மா, நீங்கள் பக்கத்திலதானே இருந்தனீங்கள். அப்பா எதை மிதிச்சவர்?"

உண்மையில் சிவனேஸ்வரி எதையும் பார்க்கவில்லை. கனடாவில் இருக்கும் தங்கை அனுப்பிய குரல் செய்தியைக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். தங்கை தன் சம்பந்திப் பெண்ணைப் பற்றிச் சுவாரசியமாக ஏதோ சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் வாகனம் முட்டியது. அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

"கால் மாறிப்போச்சுப் போல" என்றாள்.

அவ்வளவுதான். பாலேந்திரா மனைவியை ஒருமுறை பார்த்தார். அதற்குப் பிறகு வாதாடவில்லை.

பிக்கப்பை, பக்கத்தில் மிச்சம் என்ற இடத்தில் கராஜ் வைத்திருக்கும் சஞ்சயனிடம் காட்டினார்கள். அவன் அதைப் பெரிய தெருவில் விரட்டிக்கொண்டு போய் இரண்டு மூன்று தரம் பிரேக்கை அழுத்திப் பிடித்துப் பார்த்தான். நச்சென்று நின்றது. கண்ணாடிக்குக் கீழே எச்சரிக்கை விளக்கு ஒன்றும் எரியவில்லை. "அண்ணை, பிரேக் அந்த மாதிரி நல்லா இருக்குது" என்று கைவிரித்துவிட்டான். தீர்ப்பு உறுதியாயிற்று. இனி அப்பா வாகனம் ஓடக்கூடாது, அதை விற்றுவிட வேண்டும், அதுவரைக்கும் வான்மதியை அவரோடு தனியே விடுவதில்லை என்றாள் அஜந்தா. அந்தக் கடைசிச் சொல்தான் பாலேந்திராவை உடைத்தது. பேத்தியைச் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குக் கொண்டுபோய் விடுவதற்காகவே கிழமை முழுவதும் காத்திருந்த மனிதர் அவர்.

ஒரு பின்னேரம் சிவனேஸ்வரி தேத்தண்ணீர் கொண்டு போனபோது அவர் சோபாவின் நுனியில் இருந்தார். காலடியில் இரண்டு செருப்பு, பக்கத்துப் பக்கத்தில். வலது காலை ஒன்றில் வைப்பதும் எடுத்து மற்றதில் வைப்பதுமாக இருந்தார்.

"என்னப்பா, முழங்காலுக்கு எக்சர்சைஸோ?" என்று பகிடியாகக் கேட்டாள்.

அவர் "ம்" என்றார். உதடுகள் மட்டும் அசைந்துகொண்டிருந்தன. குனிந்து கோப்பையை வைத்தபோதுதான் அவளுக்கு அது கேட்டது. "இது பிரேக்... இது அக்சிலேட்டர்... இது பிரேக்..."

ஐயோ, இந்த மனிசனுக்குத் தன் காலிலேயே நம்பிக்கை போய்விட்டதே என்று நினைத்தாள். நான் பார்க்கவில்லை என்று அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் ஒருமுறை சொன்னதை எந்த முகத்தோடு மாற்றிச் சொல்வது? குசினிக்குள் போய்த் தேத்தண்ணீர்க் கேத்தலைக் கழுவத் தொடங்கினாள்.

சித்திரை முடிவதற்குள் வாங்க ஆள் கிடைத்தது. அழகப்பன் என்று ஒரு மலேசியாக்காரர். வங்கி வேலையில் ஓய்வு பெற்றுவிட்டுத் தோட்ட வேலை பிடித்துக்கொண்டவர், மண் ஏற்றவும் செடி ஏற்றவும் பிக்கப் வேண்டும் என்றார். நல்ல மனிதர், ஆனால் பக்தி கொஞ்சம் கூட.

"கோயில்ல வச்சுப் பூசை போட்டுட்டுத்தான் சாவியக் கையில வாங்குவேன்" என்றார். "எலுமிச்சம்பழம் நசுக்காம நான் எந்த வண்டியையும் எடுத்ததில்லைங்க."

ஆகவே ஒரு வெள்ளிக்கிழமை எல்லாரும் வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயிலில் கூடினார்கள். மோர்டனிலிருந்து பிக்கப்பை அஜந்தாதான் ஓட்டி வந்தாள். பாலேந்திரா பின் சீட்டில், பள்ளிக்கூடத்தில் குழப்படி செய்து பிடிபட்ட பிள்ளையைப் போல இருந்துகொண்டு வந்தார். சிக்னல்களில் நிற்கும்போது பெடல் சாடையாக நடுங்கியதை அஜந்தா உணர்ந்தாள். பழைய வாகனம் தானே என்று விட்டுவிட்டாள்.

கோயிலுக்குப் பக்கத்தில், கொஞ்சம் சரிவான இடத்தில் வாகனத்தை நிறுத்தினார்கள். ஐயர் முன்னுக்கு ஒரு முக்காலியில் தட்டம் வைத்து, கற்பூரம் காட்டி, தேங்காய் உடைத்தார். நாலு சில்லுக்கும் முன்னால் நாலு தேசிக்காய் வைத்தார். அழகப்பனுடைய இன்சூரன்ஸ் அன்று மத்தியானம்தான் தொடங்குகிறது. அதனால் அஜந்தாவே திரும்பவும் ஏறினாள். சிவனேஸ்வரி பேத்தியைத் தூக்கிக்கொண்டு ஓரமாக நின்றாள்.

"மெல்லமா விடுங்கோ பிள்ளை. தேசிக்காய் நசுங்கின உடன நிப்பாட்டுங்கோ" என்றார் ஐயர்.

பிக்கப் மெல்ல உருண்டது. தேசிக்காய்கள் பட்டென்று நசுங்கின. வாகனம் நிற்கவில்லை. கடகடவென்று அடியில் ஒரு சத்தம் கேட்டது. ஐயர் கையிலிருந்த மணியோடு ஒரு பக்கம் பாய்ந்தார். முக்காலி சரிந்தது, தட்டம் கவிழ்ந்தது, குங்குமம் தரையெல்லாம் சிந்தியது. அங்கே நின்ற கவுன்சில் குப்பைத்தொட்டியில் முட்டி, அதையும் சாய்த்துவிட்டுத்தான் பிக்கப் நின்றது.

ஒருவருக்கும் அடிபடவில்லை. அஜந்தா கதவைத் திறந்தபடியே விட்டு இறங்கினாள். யாரும் எதுவும் கேட்பதற்கு முன்னமே அவள் நேரே தகப்பனிடம் போனாள்.

"அப்பா, நான் பிரேக்கைத்தான் மிதிச்சனான். அது துடிச்சுப்போட்டுக் கீழ இறங்கிப் போச்சு. சத்தியமா நான் பிரேக்கைத்தான்..."

சொல்லி முடிப்பதற்குள் தான் சொல்வது யாருடைய சொல் என்று அவளுக்கு விளங்கிவிட்டது. வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

பாலேந்திரா அவளைப் பார்த்தார். பிறகு குனிந்து தன் வலது காலைப் பார்த்தார். "ஓம் பிள்ளை" என்றார் மெதுவாக. "அப்ப... நானும் அண்டைக்குப் பிரேக்கைத்தான் மிதிச்சிருக்கிறன்."

அவருக்கே அது அப்போதுதான் தெரிந்தது. மதில் ஓரத்தில் குந்திவிட்டார். கண்ணீர் வந்தது, துடைக்கவில்லை. அஜந்தா அவருக்குப் பக்கத்தில் குந்தித் தோளைப் பிடித்துக்கொண்டாள். வான்மதி பாட்டியின் கையிலிருந்து நழுவி ஓடி, "அம்மப்பா, வை ஆர் யூ கிரையிங்?" என்று மடியில் ஏறினாள். இந்த முறை அவளை ஒருவரும் தடுக்கவில்லை.

அழகப்பன் தரையில் சிந்திக் கிடந்த குங்குமத்தில் கொஞ்சம் எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டார். "அம்மா எனக்கு வழி காட்டிட்டா. நான் வேற வண்டி பாத்துக்கறேன், நீங்க முதல்ல இத சரி பண்ணுங்க" என்றார்.

பிக்கப்பைச் சஞ்சயனின் கராஜுக்கு ஏற்றி அனுப்பினார்கள். சில்லுகளைக் கழற்றியதும் அவனுக்கு முகம் விழுந்துவிட்டது. அந்த வாகனத்தில் இருந்தது பழைய ஏபிஎஸ், சில்லு இறுகிச் சறுக்காமல் இருக்கப் பிரேக்கைத் தானே விட்டுப் பிடிக்கும் கருவி. சில்லு சுற்றுகிறதா என்று பார்க்கும் சென்சர் பனிகாலத்தில் ரோட்டில் தூவும் உப்பில் துருப்பிடித்துக் கிடந்தது. "ஊர்ந்து போகேக்க இதுக்குச் சில்லு சுத்துறது தெரியேல்லை. சில்லு இறுகிட்டுதெண்டு நினைச்சுப் பிரேக்கை விட்டுடுது. வேகமா ஓடினால் ஒரு பிழையும் காட்டாது. நான் விரட்டி ஓடித்தானே பாத்தனான் அண்ணை, குறை நினைக்காதேங்கோ" என்றான்.

"நீ என்னடா செய்வாய்" என்றார் பாலேந்திரா. கோபிக்கத் தெரியாத மனிதர். அதுதான் சிவனேஸ்வரிக்குத் தாங்கவில்லை. கராஜ் வாசலில், அஜந்தாவும் கேட்கும்படியாகச் சொன்னாள்.

"நான் உங்கட காலைப் பாக்கேல்லையப்பா. போனில இருந்தனான். பாக்காமல்தான் சொன்னனான்."

"எனக்குத் தெரியும்" என்றார் பாலேந்திரா. "நீ போனை விழுத்திப்போட்டுத்தானே கத்தினனீ."

தெரிந்திருந்தும் இத்தனை நாள் சொல்லாமல் இருந்திருக்கிறார். திட்டியிருந்தால் அவள் ஆறியிருப்பாள்.

திருத்திய பிக்கப்பை எடுக்கப் போன அன்று அஜந்தா வாகனத்தில் வான்மதி இருக்கும் சின்னச் சீட்டையும் கொண்டு வந்திருந்தாள். பின்னால் அதைப் பூட்டப் போனாள். "பொறு பிள்ளை, முதல்ல நான் ஒருக்கா ஓடிப் பாக்கிறன்" என்றார் பாலேந்திரா. ஏறி இருந்து, சாவியைப் போடுவதற்கு முன் பிரேக்கை இரண்டு தரம் அழுத்திப் பார்த்தார். சிவனேஸ்வரி மற்றக் கதவைத் திறந்து ஏறிப் பக்கத்தில் இருந்தாள். போனைப் பைக்குள் போட்டு, பையைக் காலடியில் வைத்தாள்.

வாகனம் ஊர்ந்தது, நின்றது. திரும்பவும் ஊர்ந்தது, சொன்ன இடத்தில் நின்றது.

"ரோட்டைப் பாக்காமல் என்னப்பா கீழ பாக்கிறாய்?" என்றார் அவர்.

"உங்கட காலைத்தான்" என்றாள் சிவனேஸ்வரி, கண்ணை எடுக்காமல். "இனி ஆரும் கேட்டால் பாத்துச் சொல்லவேணுமெல்லோ."