கூட்டத்துச் சால்வை

அந்தத் திங்கட்கிழமை கவிப்பிரியாவுக்கு வந்த கோபத்துக்கு யாரைக் குறை சொல்வது? முதலில் அவளையேதான் சொல்ல வேண்டும். 'கூட்டம்' என்ற சொல்லை எடுத்து ஆத்தப்பன் கையில் கொடுத்தவள் அவள்தானே. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இல்லை, வேறு வார்த்தையாவது தேடியிருக்கலாம்.

திருப்பூர் அவிநாசி ரோட்டில் ஆத்தப்பனுடைய பனியன் கம்பெனி இருக்கிறது. கவிப்பிரியா அங்கே நாலு வருஷமாக மெர்ச்சண்டைசர். அதாவது, துணி வாங்குகிற வெளிநாட்டுக்காரர், பையர் என்பார்கள், அவர் கேட்டதைக் கம்பெனிக்குப் புரியவைத்து, கம்பெனி செய்ததைப் பையருக்குப் புரியவைக்கிற வேலை. இரண்டு பக்கமும் இடி வாங்குகிற மத்தளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆத்தப்பனுக்கு ஆங்கிலம் வராது. மகன் சுரேந்தர் கோயமுத்தூரில் பெரிய காலேஜில் படித்தவன்தான், ஆனாலும் வெள்ளைக்காரர்கள் முன்னால் 'யெஸ், யெஸ்' என்பதைத் தாண்டாது. ஆகவே மெயில் எழுதுவது, போனில் பேசுவது, வந்தவர்களிடம் மொழிபெயர்ப்பது எல்லாம் அவள் தலையில்தான்.

மோராக் என்கிற ஸ்காட்லாந்துக்காரி இந்த வருஷம் புதிதாகப் பிடித்த பையர். குழந்தைகள் இரவில் போட்டுக்கொள்கிற உடுப்பு, அதில் டார்டன் கட்டம் அச்சடிக்க வேண்டும். பச்சையும் கருநீலமும் குறுக்கும் நெடுக்குமாக ஓடி, நடுவில் ஒற்றை மஞ்சள் கோடு. தூரத்திலிருந்து பார்த்தால் நம் ஊர்க் கட்டம் போட்ட லுங்கிதான். ஆனால் அங்கே அப்படி இல்லை. எத்தனையோ கட்டங்களுக்குப் பின்னால் ஒரு குடும்பமோ ஓர் ஊரோ இருக்கிறது. எந்த நிறத்துக்கு அடுத்து எந்த நிறம், எத்தனை இழை என்று வரிசை உண்டு. வரிசை தப்பினால் அது வேறு யாருடையதோ ஆகிவிடும்.

அந்த வரிசைதான் தப்பியிருந்தது. பையர் ஆபீசிலிருந்து வந்த டிசைனிலேயே தப்பு. கவிப்பிரியா லென்ஸை வைத்து எண்ணினாள். பழைய துணியின் படங்களைத் தேடிப் பிடித்து மறுபடி எண்ணினாள். மஞ்சள் கோட்டை ஒட்டி மயிரிழை அளவுக்கு ஒரு வெள்ளைக் கோடு இருக்க வேண்டும், அது இல்லை. மறுநாள் பிரிண்டிங். "உனக்கெதுக்கு புள்ள இந்த வம்பு, அவங்க குடுத்தத அப்படியே அடிச்சுட்டுப் போலாம்" என்றார் மேனேஜர் தனபால். அவள் கேட்கவில்லை, மெயில் அனுப்பிவிட்டாள். ஆர்டர் நின்றது, டிசைன் திருந்தி வந்தது. அது மோராக்குடைய சொந்தக் குடும்பத்தின் கட்டம் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

பத்து நாளில் கூரியரில் ஒரு கம்பளிச் சால்வை வந்தது. அதே கட்டம், அங்கேயே நெய்தது. பெட்டியின் மேல் அவள் பெயர். உள்ளே மோராக் கைப்பட எழுதிய கடிதம். ஆத்தப்பன் கூப்பிட்டு, "என்ன எழுதியிருக்காங்க, படிச்சுச் சொல்லு கண்ணு" என்றார். அவள் சந்தோஷத்தில் பூரித்துப்போய்ப் படித்துச் சொன்னாள்.

"வேற நாட்டுக்காரங்க இந்தக் கட்டத்தப் போடலாமான்னு நெறையப் பேரு கேக்கறாங்களாமுங்க. போடக்கூடாதுன்னு சட்டம் ஒண்ணும் இல்லியாம். யாருதுன்னு தெரிஞ்சு, மரியாதையாப் போடணும், நம்மதுன்னு பொய் சொல்லக்கூடாது, அவ்வளவுதான் முறையாம். 'எங்களுக்கே தெரியாத தப்ப நீங்க கண்டுபிடிச்சீங்க, அதனால எங்க குடும்பமே இத உங்களுக்குக் குடுக்குது, வலது தோள்ல பின் குத்திப் போட்டுக்குங்க'ன்னு எழுதியிருக்காங்க. 'க்ளான்'னு ஒரு வார்த்தை போட்டிருக்காங்க. அதுங்க ஐயா... நம்ம பக்கம் கூட்டம்னு சொல்றமல்லங்க, அந்த மாதிரி."

அவ்வளவுதான். ஆத்தப்பன் காதில் மற்றதெல்லாம் காற்றோடு போய்விட்டது. 'கூட்டம்' மட்டும் உள்ளே இறங்கி உட்கார்ந்துகொண்டது.

கூட்டம் என்றால் சாதிக்குள்ளே ஒரே குலதெய்வத்தைக் கும்பிடுகிற பங்காளி வகையறா. அவருக்கு அது உயிர். எந்தக் கூட்டத்துக்கு எந்தக் கோயில், எந்தக் கூட்டத்தில் பெண் எடுக்கலாம், கோயிலில் யாருக்கு முதலில் பரிவட்டம் கட்டுவது, எல்லாம் விரல் நுனியில். ஊர்க் கோயிலில் வருஷா வருஷம் முதல் பரிவட்டம் அவர் தலைக்குத்தான். சால்வையைத் தடவித் தடவிப் பார்த்தவர், "இருக்கட்டும் கண்ணு, ஊட்டுல சாமிகிட்ட வெச்சுட்டுத் தர்றேன்" என்று வாங்கிக்கொண்டார். அவளும் கொடுத்துவிட்டாள், மடச்சி. மோராக் திங்கட்கிழமை வருகிறாள் என்று தெரிந்ததும் பஸ் ஏறிப் போய் ஒரு பின் வேறு வாங்கினாள். அம்மா நஞ்சம்மாளிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள்.

திங்கட்கிழமை காலை தனபால் சேம்பிள் ரூமுக்கு வந்தார். முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"சால்வைய சின்னம்மா போட்டுக்கறாங்களாம். நீ பின்னால நின்னு இங்கிலீஷ் சொன்னாப் போதும்னு ஐயா சொல்லச் சொன்னாரு."

சின்னம்மா என்றால் சுரேந்தரின் மனைவி மோனிஷா. கல்யாணமாகி ஒரு வருஷம்.

"அது எனக்கு வந்ததுங்க. பேரு போட்டு வந்தது."

"தெரியும் புள்ள. கூட்டத்துத் துணின்னு நீதான சொன்ன? அது பரிவட்டம் மாதிரியாம். அதப் போயி..." என்று நிறுத்திவிட்டு, தாடையை மட்டும் கிழக்குப் பக்கம் காட்டினார். கிழக்கே ரோட்டைத் தாண்டி அவள் குடியிருக்கிற காலனி.

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. நேராக ஆத்தப்பன் ரூமுக்குப் போனாள். அவர் வேட்டி மடிப்புக் கலையாமல் உட்கார்ந்திருந்தார். குரலை உயர்த்தவே இல்லை. அந்த மனுஷன் எப்போதும் உயர்த்த மாட்டார்.

"வா கண்ணு. நீ படிச்ச புள்ள, உனக்குத் தெரியாததா? அவங்களும் கூட்டம் பாக்கறவங்க, நாமளும் பாக்கறவங்க. ஒரு கூட்டத்துல இருந்து வர்ற மரியாதை இன்னொரு கூட்டத்துக்குத்தான போகோணும்? உனக்கு வேற நல்ல சேலையா எடுத்துக் குடுக்கச் சொல்றேன். கோவிச்சுக்காத சாமி."

கண்ணாம், சாமியாம்! வைதிருந்தாலாவது திருப்பி வைதிருக்கலாம். தேன் மாதிரிப் பேசிக்கொண்டே கழுத்தை அறுக்கிறவரை என்ன செய்வது? நியாயமாகப் பார்த்தால் மோனிஷா பிறந்ததே வேறு கூட்டம். வேறு கூட்டமாக இருந்ததால்தானே கட்டிக்கொண்டு வந்தார்கள்! அவள் போடலாமாம். கண் நோக எண்ணிக் கண்டுபிடித்தவள் போடக்கூடாதாம். கடிதத்தில் அந்தக் குடும்பமே, போட்டுக்கொள் என்று எழுதியிருக்கிறது. இவர் யார் நடுவில் வாசலை மறிக்க?

இதையெல்லாம் கேட்டாளா? கேட்கவில்லை. "சரிங்க ஐயா" என்று சொல்லிவிட்டு வந்தாள். அந்தச் 'சரிங்க'வை நினைத்துத் தன்மேலேயே காறித் துப்பிக்கொள்ளத் தோன்றியது.

பதினொரு மணிக்கு மோராக் வந்தாள். அறுபது வயதிருக்கும், வெயிலில் முகம் செம்பருத்தியாகச் சிவந்திருந்தது. மீட்டிங் ரூமில் மாலை, குங்குமம், இளநீர் எல்லாம் தயார். மோனிஷா பட்டுப்புடவை மேல் சால்வையைப் போட்டுக்கொண்டு நின்றாள். போட்டோ எடுக்க ஆள் வந்திருந்தான். கவிப்பிரியா சொன்னபடியே பின்னால், சுவரோரம்.

மோராக் உள்ளே நுழைந்தாள். சால்வையைப் பார்த்தாள். மாலையையும் கவனிக்கவில்லை, ஆத்தப்பன் கும்பிட்டதையும் கவனிக்கவில்லை. இரண்டு கையையும் விரித்துக்கொண்டு போய் மோனிஷாவை இறுக்கி அணைத்துக்கொண்டாள்.

"கவிப்பிரியா! கடைசியில் உங்களை நேரில் பார்த்துவிட்டேன்."

மோனிஷாவின் முகம் வெளுத்தது. அவள் கணவனைப் பார்த்தாள். சுரேந்தர் தலையை ஆட்டினான்.

"யெஸ், யெஸ்."

அட பாவி! துணியைத்தான் எடுத்தீர்கள், பெயரையுமா? பெற்றவர்கள் வைத்த பெயரடா அது! நல்லானும் நஞ்சம்மாளும் ஊரில் ஒருவருக்கும் இல்லாத பெயராக வைக்க வேண்டும் என்று ஒரு மாசம் பேசி வைத்த பெயர்.

"என்ன கண்ணு சொல்றாங்க?" என்று ஆத்தப்பன் திரும்பி அவளிடமே கேட்டார்.

"உங்க மருமகளக் கவிப்பிரியான்னு நெனச்சுட்டாங்க."

ஆத்தப்பன் ஒரு நொடி யோசித்தார். பிறகு சிரித்தார். "போச்சாது உடு. வந்த இடத்துல எதுக்கு வெவகாரம்."

போச்சாதாம்! பரவாயில்லையாம்! அந்த ஒரு வார்த்தைதான் அவளைச் சுவரிலிருந்து பிய்த்து எடுத்தது. நேராக நடந்து போய் மோராக்குக்கு முன்னால் நின்றாள்.

"நான்தான் கவிப்பிரியா," என்றாள் ஆங்கிலத்தில். "வெள்ளைக் கோட்டைக் கண்டுபிடித்தது நான். கடிதமும் எனக்குத்தான் வந்தது."

மோராக் அவளைப் பார்த்தாள், மோனிஷாவைப் பார்த்தாள். ஒன்றும் விளங்கவில்லை. ஆத்தப்பன் முகத்தில் சிரிப்பு மாறவில்லை. விருந்தாளிக்கு இளநீரை நீட்டிக்கொண்டே, அதே தேன் குரலில் தமிழில் சொன்னார்.

"ஏம்புள்ள, ஒங்கொப்பன் எங்க தோட்டத்துல கஞ்சி குடிச்சவன். நாங்க பரிவட்டம் கட்டறப்ப கோயிலுக்கு வெளிய நின்னு பாத்தவன். அவன் மகளுக்குக் கூட்டத்துத் துணி கேக்குதா? தகுதி தெரிஞ்சு அக்கட்டால தள்ளிப் போ. நாளைக்கிருந்து வேலைக்கு வர வேண்டாம்."

அவர் சிரிப்பதைப் பார்த்து மோராக்கும் சிரித்தாள். "உங்கள் முதலாளி என்ன சொல்கிறார்?"

நாலு வருஷம். பையரை அவர் 'பிசிநாறி' என்றபோது, ஐயா உங்கள் சிக்கனத்தை மெச்சுகிறார் என்று சொன்னவள். 'இந்தப் பொம்பளைக்கு வேற பொழப்பே இல்லியா' என்றபோது, உங்கள் அக்கறைக்கு நன்றி சொல்கிறார் என்றவள். அவர் வாயிலிருந்து விழுந்த குப்பையை எல்லாம் கூட்டிப் பெருக்கிக் கோலம் போட்டுக் கொடுத்தவள். இன்றைக்கும் ஒரு கோலம் போடுவாள் என்றுதான் அந்த ரூமில் எல்லோரும் காத்திருந்தார்கள்.

அவள் போடவில்லை. தோட்டத்துக் கஞ்சி, கோயிலுக்கு வெளியே நின்ற அப்பா, தகுதி, நாளை வேலைக்கு வராதே, எல்லாவற்றையும் அவர் சொன்ன வரிசையிலேயே சொன்னாள். குடும்பத் துணி பிறந்த சாதியைப் பார்த்துத்தான் தோளில் ஏற வேண்டுமாம், அதனால் உங்கள் சால்வையை என்னிடமிருந்து வாங்கி இவருக்குப் போட்டிருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னாள். சுரேந்தர் "ஏய், ஏய்" என்று கையை நீட்டினான். அவள் முடித்துவிட்டுத்தான் நிறுத்தினாள்.

மோராக்கின் சிரிப்பு காணாமல் போயிற்று. ஏதாவது சொல்வாள் என்று கவிப்பிரியா அவள் முகத்தையே பார்த்தாள். மோராக் இளநீரை மேஜையில் வைத்தாள்.

"இது உங்கள் ஊர் வழக்கம்... நான் வெளியாள்... இதில் தலையிடுவது மரியாதையாக இருக்குமா என்று தெரியவில்லை."

நல்லது! வந்தவளும் மரியாதை பார்க்கிறாள். துணிக்கு மரியாதை, கூட்டத்துக்கு மரியாதை, வழக்கத்துக்கு மரியாதை. எல்லாருடைய மரியாதைக்கும் இடம் இருக்கிற இந்த ரூமில் அவளுக்கு மட்டும் சுவரோரமா?

"உங்களைத் தலையிடச் சொல்லவில்லை," என்றாள் கவிப்பிரியா. மோனிஷாவிடம் திரும்பினாள். "கழட்டுங்க."

மோனிஷா மாமனாரைப் பார்க்கவில்லை, கணவனையும் பார்க்கவில்லை. பின்னை எடுத்தாள். "நான் வேண்டாம்னுதாங்க சொன்னேன்" என்று முணுமுணுத்தபடி சால்வையைக் கையில் கொடுத்தாள். கவிப்பிரியா அதை உதறினாள். எல்லோரும் பார்க்க வலது தோளில் போட்டுப் பின்னைக் குத்தினாள். கம்பளி கழுத்தில் அரித்தது. திருப்பூர் வெயிலுக்கு ஆகவே ஆகாத துணி. இருந்தால் இருக்கட்டும்.

"ஏய்!" ஆத்தப்பனின் குரல் உயர்ந்தது. நாலு வருஷத்தில் முதல்தடவையாகத் தேன் வற்றிப்போய் வந்த குரல். "கழட்டுடி அத!"

மோராக் சட்டென்று அவர் பக்கம் திரும்பினாள். கவிப்பிரியாவும் திரும்பினாள்.

"சொல்லுங்க ஐயா. மனசுல இருக்கறத எல்லாஞ் சொல்லுங்க. ஒரு வார்த்தை விடாம இவங்களுக்கு இங்கிலீஷ்ல சொல்றேன்."

ஆத்தப்பன் வாயைத் திறந்தார். மோராக் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுரேந்தர் அவர் கையைப் பிடித்தான். அவர் வாயை மூடிக்கொண்டார்.