எனாமல் காய நாலு நாள்

பக்கவாதம் வந்து போனதில் எனக்கு மிஞ்சியது ஒரு இடது கை, ஒரு சொல். அந்தச் சொல் "நாளைக்கு". வாயைத் திறந்தால் அது ஒன்றுதான் வருகிறது. பசிக்கிறதா என்றால் நாளைக்கு. பெயர் என்ன என்று டாக்டர் கேட்டார், அதற்கும் நாளைக்கு. மிக்ஸியும் மின்விசிறியும் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தவன் நான். வாடிக்கையாளர்களிடம் வாழ்நாள் முழுக்க அதிகம் சொன்னது அதைத்தான். நாக்கிலிருந்து மற்றதெல்லாம் அழிந்தும் அது மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. கடை வாசலில் நின்று என்னைத் திட்டித் தீர்த்தவர்கள் இப்போது வந்து பார்த்தால் மனம் குளிர்ந்து போவார்கள்.

உள்ளே ஒன்றும் அழியவில்லை. அதுதான் கொடுமை. நினைப்பெல்லாம் முழு வாக்கியமாக, பழைய நக்கலோடுதான் ஓடுகிறது. தலையையாவது ஆட்டலாமே என்று தோன்றும். ஆமாம் என்று ஆட்டப் போனால் இல்லை என்று ஆடுகிறது. இல்லை என்று ஆட்டப் போனால் சும்மா இருக்கிறது. இடது கையில் பென்சிலைக் கொடுத்துப் பார்த்தார்கள். கோழி கிளறியது மாதிரி வந்தது. அதற்குப் பிறகு எல்லாரும் என்னைப் பற்றி என் எதிரிலேயே பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

மனைவி மட்டும் என்னிடம் பேசுவாள். எனக்கு எல்லாம் புரிகிறது என்று நம்புகிற ஒரே ஆள் அவள்தான். அவளுக்கும் அந்த நம்பிக்கை போய்விட்டால் நான் இந்த வீட்டில் ஒரு நாற்காலி, அவ்வளவுதான்.

அன்று காலை அவளுடைய அண்ணன் வந்திருந்தார். என் மச்சான். மோட்டார் பட்டறையில் கார்களுக்குப் பெயிண்ட் அடிப்பவர். தங்கமான மனுஷன். என்னைத் தூக்கிக்கொண்டு போய்க் குளிப்பாட்டி, தலை துவட்டி, சட்டை போட்டு உட்கார வைத்ததும் அவர்தான். அவரைத் திட்டக்கூட எனக்கு வழியில்லை, வாயாலும் சரி, மனசாலும் சரி.

"மாப்பிள்ளைக்கு எதுவும் புரியறதில்லம்மா," என்றார் காபியை உறிஞ்சிக்கொண்டே. "நீயா வீணா மனச ஏமாத்திக்காத. நாளைக்கு உனக்குத்தான் கஷ்டம்."

"புரியுதுண்ணா. இருங்க, காட்டறேன்."

உள்ளே போய் என் தீயணைப்பு வண்டியைக் கொண்டுவந்து மேசை மேல் வைத்தாள்.

உள்ளங்கையைவிடக் கொஞ்சம் நீளமான வண்டி. பெட்டியில் பிளாஸ்டிக் துண்டுகளாக வரும். வெட்டி, உப்புத்தாளில் தேய்த்து, ஒட்டி, காற்றோடு பெயிண்டைப் பீய்ச்சும் ஏர்பிரஷ்ஷால் பெயிண்ட் அடித்து நிஜ வண்டி மாதிரியே ஆக்க வேண்டும். இதுதான் என் பொழுதுபோக்கு. கடை மூடியதும் இதில் உட்கார்ந்துவிடுவேன். தலை நரைத்த பிறகு பொம்மை கேட்கிறதா என்று இவளே எத்தனை முறை கேட்டிருக்கிறாள். இந்த வண்டியின் ஏணியில் ஒவ்வொரு படியையும் தனித்தனியாகத் தேய்த்திருக்கிறேன். அடிப்பூச்சாகச் சாம்பல் நிறப் பிரைமர் அடித்து வைத்திருந்தேன். சிவப்பு அடிக்க உட்காருவதற்குள் நானே சாய்ந்துவிட்டேன்.

"டாக்டர் சொன்னாரில்ல, அவருக்குப் பிடிச்சதுல ஈடுபடுத்துங்கன்னு," என்றவள் என் நாற்காலியை மேசையோடு ஒட்டினாற்போல் தள்ளினாள். "ஏங்க, நான் அடிக்கறேன். நீங்க பாத்து சொல்லுங்க."

எனாமல் டப்பாவைத் திறந்து, தின்னர் ஊற்றிக் கலக்கினாள். பால் பதம் வரவேண்டும். வந்தது. இத்தனை வருஷம் நாற்றம் தாங்காமல் மூக்கைப் பொத்திக்கொண்டு திட்டியவள், கூடவே எல்லாவற்றையும் பார்த்தும் வைத்திருக்கிறாள். கள்ளி. கம்ப்ரஸரைப் போட்டாள். முதலில் ஒரு அட்டைக்கு நேரே ஏர்பிரஷ்ஷைப் பிடித்துப் பொத்தானை அழுத்தினாள். புஸ்ஸென்று காற்று மட்டும் வந்தது.

"அடைச்சிருக்கும்," என்றார் மச்சான்.

அடைக்கவில்லை. அழுத்தினால் காற்று, அழுத்தியபடியே பின்னால் இழுத்தால்தான் பெயிண்ட் வரும். நான் இடது கையைத் தூக்கினேன். ஆள்காட்டி விரலை மடக்கி, பின்னால் இழுத்துக் காட்டினேன். முதல் முறை அவள் பார்க்கவில்லை. மேசையைத் தட்டி மறுபடி காட்டினேன்.

என் விரலையே பார்த்தாள். பிறகு பொத்தானைப் பின்னால் இழுத்தாள். அட்டையில் சிவப்பாக ஒரு கோடு விழுந்தது.

"பாத்தீங்களாண்ணா! சொல்லித் தர்றாரு! நான்தான் சொன்னேனே!"

அவள் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான். மச்சான் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் புதிதாகப் பார்ப்பது போல் பார்த்தார். அந்த ஒரு பார்வைக்காக நான் எத்தனை நாள் காத்திருந்தேன் என்று யாருக்குத் தெரியும்.

அவளுக்கு நல்ல கை. எனக்குப் பொறாமையாக இருந்தது, சொன்னால் என்ன. வண்டிக்கு வெளியே ஆரம்பித்து, வண்டியைக் கடந்து வெளியே போய் நிறுத்தினாள். அவசரப்படாமல் லேசாக ஒரு பூச்சு, கொஞ்சம் விட்டு இன்னொன்று. ஓரங்களில் வழியவில்லை. சாம்பல் மறைந்து வண்டி முழுக்கச் சிவப்பு ஏறியபோது, நான் அடித்திருந்தால்கூட இவ்வளவு சுத்தமாக வந்திருக்குமா என்று சந்தேகம் வந்தது. அவள் ஏர்பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். கல்யாணமான புதிதில் சிரித்த சிரிப்பு.

அத்தோடு விட்டிருக்கலாம்.

"பளபளப்பு பத்தாது," என்று எழுந்தார் மச்சான். "என் பையில கிளியர் லேக்கர் இருக்கு. மேல ஒரு கை அடிச்சா கண்ணாடி மாதிரி ஆயிடும். மாப்பிள்ளைக்கு என் பங்குக்கு நானும் ஏதாவது செய்யணுமில்ல?"

காருக்கு அடிக்கிற பெயிண்ட் வேறு. அதில் சிவப்பு அடித்த கால் மணி நேரத்தில் கிளியர் அடிக்கலாம். அவர் வாழ்க்கை முழுக்க அப்படித்தான் அடித்திருக்கிறார். இது எண்ணெய் எனாமல். தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே பச்சையாகவே கிடக்கும். நன்றாகக் காய நாலு நாள் ஆகும். அதற்கு முன்னால் லேக்கர் பட்டால் அதில் இருக்கும் காட்டமான தின்னர் எனாமலைக் கடித்துக் குதறிவிடும்.

இன்றைக்கு வேண்டாம். இதைத்தான் சொல்ல வேண்டும். வாயைத் திறந்தேன்.

"நாளைக்கு."

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. சரியான சொல்! பக்கவாதம் வந்த நாளிலிருந்து முதல் முறையாக, நான் சொல்ல நினைத்ததும் வாயில் வந்ததும் ஒன்றாக இருந்தன. நாளைக்கு அடிக்கலாம். நாளைக்குக் கேட்டால் மறுபடியும் நாளைக்கு என்று சொல்லிக்கொள்ளலாம். அப்படியே நாலு நாளை ஓட்டிவிடலாம். அதுதான் எனக்குக் கைவந்த கலையாயிற்றே.

"நாளைக்கு! நாளைக்கு!"

அவள் தயங்கினாள். "அண்ணா, நாளைக்குங்கறாரே."

"காபி வேணுமான்னு கேட்டப்பவும் நாளைக்குன்னாரு. குளிக்கலாமான்னப்பவும் அதேதான். பாவம், அவரு வாயில வர்றது அது ஒண்ணுதானேம்மா?"

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். உடனே என்னைப் பார்த்து முகம் வாடினாள். ஆனால் சிரித்துவிட்டாள்.

அவர் லேக்கரை ஏர்பிரஷ் கிண்ணத்தில் ஊற்றினார். நான் இடது கையை வீசி அதைப் பிடுங்கப் பார்த்தேன். டப்பா சாய்ந்து மேசையில் கொஞ்சம் சிந்தியது. "விடுங்க மாப்பிள்ளை, விடுங்க. டென்ஷன் ஆகாதீங்க," என்று என் விரல்களை ஒவ்வொன்றாக, வலிக்காமல் பிரித்தார். பிறகு நாற்காலியைப் பின்னால் இழுத்துச் சக்கரத்துக்குப் பிரேக் போட்டார். கை நீட்டினால் எட்டாத தூரம். நன்றாகப் பார்க்க முடிகிற தூரம்.

"நாளைக்கு," என்று கத்தினேன். "நாளைக்கு, நாளைக்கு!"

"தோ, முடிஞ்சுது," என்றாள் அவள், ஊசி போடும்போது பிள்ளைகளிடம் சொல்கிற மாதிரி.

காருக்கு அடித்துப் பழகிய கை. தாராளமாக அடித்தார். ஒரு நிமிஷம் வண்டி நிஜமாகவே கண்ணாடி மாதிரி ஜொலித்தது. மச்சான் என் பக்கம் திரும்பிக் கட்டை விரலைக் காட்டினார். கூரையில்தான் ஆரம்பித்தது. ஆறுகிற பாலில் ஆடை சுருங்குவது போல் சிவப்பு சுருங்கியது. கூரையிலிருந்து கதவுக்கு இறங்கியது, கதவிலிருந்து ஏணிக்கு ஓடியது. நான் தேய்த்த படிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் குழைந்தன. ஊதினாலும் நிற்காது, துடைத்தால் இன்னும் மோசம். இது தெரிந்த ஆள் அந்த அறையில் ஒருவன்தான் இருந்தான், அவனுக்குப் பிரேக் போட்டிருந்தது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அடக்கத் தெரியவில்லை. வாய் ஒரு பக்கம் கோணி, எச்சில் ஒழுக அழுதேன்.

மச்சானுக்கு முகம் செத்துப்போனது. "பெயிண்டு பழசும்மா," என்றார் மெதுவாக. "கெட்டுப் போயிருக்கும்." என் தோளைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றார். பட்டறைக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

அவள் பிரேக்கை எடுத்துவிட்டு, என் வாயைத் துடைத்தாள். அப்புறம் வண்டியின் எதிரில் உட்கார்ந்தாள். கதவை ஒரு விரலால் தொட்டாள். அவள் ரேகை அப்படியே அதில் பதிந்தது. விரலில் ஒட்டிய சிவப்பைப் பார்த்தாள். எனாமல் டப்பாவைத் திருப்பி, அதில் எழுதியிருந்த பொடி எழுத்துகளை உதடு அசையப் படித்தாள். டப்பாவை வைத்துவிட்டு, மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"ஏங்க," என்றாள். "காயலைன்னுதான் நாளைக்குன்னு சொன்னீங்களா?"

இதைவிடச் சரியாக யாரும் கேட்க முடியாது. என் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, மூச்சுக்கூட விடாமல் காத்திருந்தாள். ஆமாம் என்று ஒரு தலையாட்டல் போதும். என் உடம்பில் மிஞ்சியிருந்த அத்தனை பலத்தையும் திரட்டித் தலையை ஆட்டினேன். அது இல்லை என்று ஆடியது.

இல்லை, இல்லை, ஆமாம்! அதைத்தான் சொன்னேன்! புரிந்துகொண்டாயே! வாயைத் திறந்தேன்.

"நாளைக்கு."

அவள் இன்னும் கொஞ்ச நேரம் என் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் முழங்காலைத் தட்டிக் கொடுத்துவிட்டு எழுந்தாள்.

"சரிங்க, நாளைக்கு," என்றாள், காலையில் காபி வேணுமா என்றதற்கு நான் நாளைக்கு என்றபோது சொன்ன அதே குரலில்.