மேனேஜராக நடித்த எம்லின்

எங்கள் தெருவில் கடைசி வீட்டு கிளெனிஸ் ப்ராபர்ட், குளியலறைக்கு ஒரு திரை வாங்கியதில் வங்கிக் கணக்கு மூன்று பவுண்டு மைனஸில் போய்விட்டது. வங்கி அதற்கு முப்பது பவுண்டு அபராதம் போட்டது. அபராதத்தால் பள்ளம் பெரிதாக, அடுத்த மாதம் இன்னொரு முப்பது. அதற்கடுத்த மாதமும் முப்பது.

"நேர்ல போய்க் கேளு, திருப்பிக் குடுப்பாங்க" என்றான் கணவன் எம்லின். பஸ் டிரைவர்.

கிளெனிஸுக்குக் கேட்டுப் பழக்கமில்லை. இரண்டு பக்கத்துக்கு எழுதி வைத்துக்கொண்டாள். ஒத்திகை பார்க்க, எம்லின் சாவு வீட்டுக்குப் போகும்போது கட்டும் கறுப்பு டையைக் கட்டிக்கொண்டு சமையலறை மேஜைக்குப் பின்னால் மேனேஜராக உட்கார்ந்தான்.

"சொல்லுங்க மிசஸ் ப்ராபர்ட். அந்தத் திரை எதுக்கு? பழசு நல்லாத்தானே இருந்துது?"

"பழசுல பூஞ்சை பிடிச்சிருந்தது சார்."

"தேச்சுக் கழுவியிருக்கலாமே?"

"யாரு தேய்க்கிறது? என் புருஷன் குளிச்சிட்டு ஈரத்தோட அப்படியே விட்டுட்டுப் போறான் சார்!"

"உங்க புருஷன் தங்கமான மனுஷன்னுல்ல கேள்விப்பட்டேன்?"

"இப்ப நீ மேனேஜரா, எம்லினா?"

"மேனேஜர்தான். உங்க மனு தள்ளுபடி." தேநீர்க் குவளையை முத்திரை போல மேஜையில் குத்தினான்.

"அப்படியா? மேனேஜருக்கு இந்த வீட்ல சாப்பாடு கிடையாது!" அவன் தட்டிலிருந்த சாசேஜ்கள் பக்கத்து வீட்டு நாய்க்குப் போயின.

மறுநாள் காலை, தங்கை கல்யாணத்துக்கு வாங்கிய தொப்பியைப் போட்டுக்கொண்டு கிளெனிஸ் வங்கிக்குப் போனாள். கவுன்டரில் நெரிஸ் என்ற பெண். கிளெனிஸ் கணக்கு எண்ணைச் சொல்லி, "இந்த அபராதம்..." என்று தொடங்குவதற்குள் நெரிஸ் ஏதோ தட்டினாள்.

"மூணுல ரெண்டைத் திருப்பிப் போட்டாச்சும்மா. வேற ஏதாவது?"

கிளெனிஸ் திகைத்தாள். "நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லியே!"

"தேவையில்லம்மா, முடிஞ்சுபோச்சு."

"அதெப்படி கண்ணு? இதுக்காக வீட்ல சண்டை போட்டுட்டு வந்திருக்கேன். நீ கேட்டுத்தான் ஆகணும்."

காகிதங்களை விரித்துப் படிக்கத் தொடங்கினாள். பின்னால் வரிசை நீண்டது. கசாப்புக்கடை ஹைவெல், "கொஞ்சம் சத்தமாப் படிங்க, இங்க கேக்கல" என்றார். பூஞ்சை எந்த மூலையில் தொடங்கி, எந்த நிறத்தில் படர்ந்து, எப்படி நாறியது என்ற பத்தி வந்ததும் நெரிஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா, குமட்டலா, தெரியவில்லை.

"மூணாவதையும் போட்டுடறேன்மா! அடுத்த பக்கம் மட்டும் வேண்டாம்!"

வரிசை கைதட்டியது. அபராதம் மொத்தமும் திரும்பிவிட்டதால் கணக்கில் பழைய மூன்று பவுண்டு பள்ளம் மட்டும் மிஞ்சியது. பையைத் துழாவி அதையும் அங்கேயே கட்டினாள்.

வெளியே எம்லின், பயணிகளோடு பஸ்ஸை நிறுத்தி வைத்துக் காத்திருந்தான்.

"என்ன ஆச்சு?"

"மூணும் வந்துடுச்சு."

"பாத்தியா! எல்லாம் நான் குடுத்த பயிற்சி!"

கிளெனிஸ் டிக்கெட் காசை நீட்டினாள். "டிரைவர், வண்டிய எடுங்க."

பின் இருக்கையில் போய் உட்கார்ந்தாள். வழியிலிருந்த மேட்டில் ஏறி முடியும்வரை எம்லின் சந்தோஷத்தில் உரக்கப் பாடிக்கொண்டே ஓட்டினான். இரண்டு நிறுத்தங்களை விட்டுவிட்டான். இறங்க வேண்டியவர்கள் திட்டியபோது, அவளும் அவர்களோடு சேர்ந்து திட்டினாள்.