வேலிக்கு வெளியே மூன்று பாகற்காய்

12-7-1951, வியாழன்

நேற்று எழுதியதில் ஒரு தவறு. பாகற்கொடி முழுவதும் வேலிக்கு உள்ளே இருக்கிறது என்று எழுதியிருந்தேன். சரியாகப் பார்க்காமல் எழுதிவிட்டேன். கொடி முள்கம்பி இடுக்கில் புகுந்து வெயில் படும் பக்கமாக இறங்கியிருக்கிறது. வெளிப்பக்கம் மூன்று காய்கள் தொங்குகின்றன.

காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போகக் கூடாதென்று தோட்டத்தின் மூன்று டிவிஷன் ஆட்களையும் ஒரே வேலிக்குள் கொண்டுவந்த பிறகு, லய வீடுகளுக்கு நடுவே ஒரு பாத்தி போட இடமில்லை. மண்ணெண்ணெய்த் தகரங்களில் மண் நிரப்பி, சாக்கடை ஓரம், குழாயடி, வாசற்படி என்று கிடைத்த இடத்தில் கீரையும் மிளகாயும் வைத்திருக்கிறோம். அடுத்த வீட்டுப் புஷ்பவள்ளி அக்காவின் தகரத்தில் பாகல். பந்தல் போட இடமில்லாததால் நான்தான் வாழைநாரால் கொடியை வேலியில் கட்டிவிட்டேன். அப்போது நல்ல யோசனையாகத் தெரிந்தது.

மாலையில் தோட்டக் கணக்கு எழுதும் கிராணி கார்த்திகேசு ஐயா வந்து பார்த்தார்.

"நாளைக்குப் போலீஸ் துரை வேலி பார்க்க வாறார். வெளியில காய் தொங்கினா, காட்டில இருக்கிறவங்களுக்குச் சாப்பாடு வைச்சதெண்டுதான் சொல்லுவார்."

சாப்பாடு கொடுத்தார் என்ற சந்தேகத்தில்தான் போன மாதம் அக்காவின் கணவர் காளியண்ணனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அக்காவையும் கொண்டுபோனால் கைக்குழந்தையை யார் பார்ப்பது?

கம்பி வழியே கையை நீட்டக் கூடாது. உள்ளிருந்தே கொடியை இழுத்துப் பார்த்தோம். காய்கள் முள்ளில் மாட்டிக்கொண்டன. வெளியே காவல் நின்ற மலாய்க்காரர் உதுமானிடம், "நீயே பறிச்சுப் போட்டுடேன் தம்பி" என்று அக்கா கெஞ்சினார்.

"தா போலே லா, காக்கா." முடியாது அக்கா என்று தலையை ஆட்டினார். அரைகுறைத் தமிழில், "நான் தொட்டா என்னைப் பிடிக்கும். பாகல் கசப்புதானே, காட்டு ஆளும் வேணாம் சொல்லும்" என்று சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை.

கடைசியில் கிராணி ஒரு வழி சொன்னார். "நாளைக்குக் காலமை கொடிய வைச்சவர் உதுமானோட வெளிய போய், எல்லாரும் பார்க்கப் பறிக்கட்டும். ஆனா பேரை நான் துரைக்குச் சொல்லவேணும். ஆர் பேர்?"

அக்காவின் பெயரைச் சொன்னால் காளியண்ணன் பெயரும் கூடவே வரும்.

"நாகமணி" என்று என் பெயரைச் சொன்னேன். "கட்டிவிட்டது நான்."

"கட்டினது ஆரெண்டு கேட்கேல்லை, பிள்ளை. வைச்சது ஆர்?"

"வச்சதும் நான்தாங்க ஐயா."

தகரம் அக்காவின் வாசலில்தான் இருந்தது. கிராணி தகரத்தைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார். "சரி, நாகமணி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

"ஒனக்கென்ன பைத்தியமாடி?" என்று அக்கா என் கையை இறுக்கிப் பிடித்தார். விடவே இல்லை. செய்தது சரிதானா என்று இதை எழுதும்போதும் தெரியவில்லை. அம்மாவிடம் சொன்னேன். அடுப்பை ஊதிக்கொண்டே, காலையில் நேரத்தோடு எழுப்புகிறேன் என்றார்.

நாளை: கேட் திறந்ததும் உதுமானோடு வேலியைச் சுற்றிப் போக வேண்டும். மூன்று காய்களையும் பறித்து, கைகள் எல்லோருக்கும் தெரியும்படி திரும்ப வேண்டும். பிறகு கொடியை அறுத்து, நாரையும் அவிழ்க்க வேண்டும்.