தரையில்லாத கோள்

அறிவியல் காட்சிக்கூடத்தில் மாதிரிகள் செய்கிறவருக்கு அந்த வருஷம் வந்த வேலை, கண் தெரியாதவர்கள் தொட்டுப் பார்ப்பதற்கென்றே ஒரு தனி அறை. நிலா, பூமி, சனியின் வளையம் எல்லாம் மளமளவென்று முடிந்துவிட்டன. கடைசியாக ஒன்று மட்டும் பாக்கி. ஒளி வந்து சேரவே எண்ணூறு வருஷம் பிடிக்கிற தொலைவில், தன் நட்சத்திரத்தை ஒட்டிக்கொண்டு சுற்றும் ராட்சத வாயுக் கோள். அதற்கு முறையான பேர் கிடையாது, எண்ணும் எழுத்தும்தான். பருமனில் வியாழனைப்போல் ஒன்றரை மடங்கு, எடையில் பாதிகூட இல்லை என்பதால் கூடத்தில் எல்லோரும் அதை 'உப்பலார்' என்றார்கள்.

உப்பலாரை அவர் சாந்தில் உருட்டி, மேகப்பட்டைகளை வரிவரியாக எழுப்பி, வழவழவென்று தேய்த்து எடுக்க மூன்று வாரம் ஆனது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் அதை வீட்டுக்கே தூக்கிவந்து அக்காவின் மடியில் வைத்தார்.

அக்கா முப்பது வருஷம் தையல் கடை நடத்தியவள். இரண்டு வருஷத்துக்கு முன் கண் நரம்பு பழுதாகிப் பார்வை போனதிலிருந்து மிஷினுக்கு உறை போட்டுவிட்டு, ஜன்னலோர நாற்காலியே கதியென்று இருந்தாள். வாசலைத் தாண்டுவதில்லை. யாராவது கூப்பிட்டால், "நான் வந்து என்னத்த பார்க்கப் போறேன்?" என்று வாயை அடைத்துவிடுவாள்.

இப்போது அவள் விரல்கள் உருண்டையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தன.

"நல்லா இருக்குடா. பந்து."

"பந்து இல்லக்கா, கோள். முழுக்க வாயு."

"அப்படியா? இதுல எங்க நிக்கிறது?"

"நிக்க முடியாது. தரையே கிடையாது. உள்ள போகப் போக நெருக்கிக்கிட்டே வரும், அவ்ளோதான்."

"தரையே இல்லாததுக்கு எதுக்குடா இவ்ளோ கெட்டியாத் தரை போட்டு வச்சிருக்க?"

அவருக்குச் சுருக்கென்றது. மூன்று வார உழைப்பு. அக்காவோ விடுவதாக இல்லை. தோண்டித் துருவிக் கேட்டாள். சூடு எவ்வளவு? இரும்பு உருகுகிற அளவு. ஒரு வருஷம் எத்தனை நாள்? நம் கணக்கில் நாலே நாள். ஒரு பக்கம் எப்போதும் நட்சத்திரத்தைப் பார்த்தபடி இருக்கும், மறுபக்கம் எப்போதும் இருட்டு.

அக்கா உருண்டையைத் திருப்பி மறுபக்கத்தைத் தடவினாள்.

"அந்த இருட்டுப் பக்கம் ஜில்லுனு கிடக்குமா?"

"இல்லக்கா. அங்க பேய்க்காத்து அடிக்குது. வெயில் பக்கத்துச் சூட்டை அது அள்ளிட்டு வந்து இங்க கொட்டிடும். கொஞ்சம் கம்மி, ஆனா அங்கயும் சூடுதான்."

"ம்" என்றாள். பிறகு, "உள்ள எந்த இடத்துல லேசு முடிஞ்சு கெட்டி ஆரம்பிக்குது?"

"கோடு கிழிச்ச மாதிரி அப்படி ஓர் இடம் இல்ல."

"அப்ப இதைத் துணியிலதான் செய்யணும். தையல் கைக்குத் தட்டுப்படவே கூடாது" என்றாள் அக்கா. "மிஷின் உறையை எடு."

ஒரு வாரம் வீடு துணிக்கடையாகக் கிடந்தது. ஆள் உயர மரப்பெட்டி ஒன்றை அவர் அடித்துக் கொடுத்தார். பக்கவாட்டில் கை நுழைய இரண்டு ஓட்டை, ஒன்று பகலுக்கு, ஒன்று இரவுக்கு. அக்கா வலைத்துணியில் தொடங்கி, மெல்லிய பருத்தி, பஞ்சு, ஸ்பாஞ்சு, இறுக்கிக் கட்டிய ரப்பர் பட்டை என்று அடுக்கடுக்காக ஒன்றுக்குள் ஒன்று கரையும்படி தைத்தாள். ஊசி இரண்டு தடவை விரலில் ஏறியது. ஒரு நாள், தையல் கைக்குத் தட்டுப்படுகிறதென்று முழு அடுக்கையும் பிரித்துப் போட்டுவிட்டு அழுதாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மறுநாள் காலையில் அவளாகவே மறுபடி மிஷினில் உட்கார்ந்தாள். பகல் ஓட்டையிலிருந்து இரவு ஓட்டைக்குச் சூடான காற்று போக, தலைமுடி உலர்த்தும் கருவி ஒன்றை அவர் உள்ளே பொருத்தினார்.

சோதனை நாளன்று அக்காவும் கூட வந்தாள். கூடத்தின் பொறுப்பாளர் பெட்டியைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார்.

"என்னங்க இது, மெத்தைக் கடை மாதிரி? கோள்னா உருண்டையா இருக்க வேண்டாமா?"

தொட்டுப் பார்த்துச் சொல்ல வந்திருந்தவர் ஓய்வுபெற்ற டெலிபோன் ஆபரேட்டர், பிறவியிலேயே கண் தெரியாதவர். முதலில் சாந்து உருண்டையைத் தடவினார். "அருமையா இருக்கு. ஆனா அந்த நிலாவும் இதுவும் என் கைக்கு ஒண்ணுதாங்க" என்றார். பிறகு பெட்டிக்குள் கைவிட்டார். முழங்கை போனது, தோள்வரை போனது.

"காத்து அடிக்குதே! அடி எங்கம்மா இருக்கு?"

"இல்லீங்க" என்றாள் அக்கா. "அதுக்கு அடியே இல்ல."

அவர் கடகடவென்று சிரித்தார். கையை எடுக்க மனமில்லாமல், மறு ஓட்டைக்கும் போய் நுழைத்து, "இங்கயும் வெதுவெதுன்னு இருக்கே!" என்று வியந்தார். பொறுப்பாளர் இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, கடைசியில் தானும் கையைவிட்டுப் பார்த்தார்.

"சரி, உருவத்துக்குப் பந்து இருக்கட்டும், உள்ளுக்குப் பெட்டி இருக்கட்டும்" என்றார்.

அறை திறந்த பிறகு கூட்டத்துக்குக் குறைவில்லை. கண் தெரிந்தவர்களும் வரிசையில் நின்றார்கள். இத்தனை கை பட்டால் எந்தத் துணி தாங்கும்? மாதம் ஒரு தடவை உப்பலாரின் மேல் அடுக்கு நைந்துபோகும்; அக்கா போய் மாற்றித் தைக்க வேண்டும். தம்பி கூட்டிப்போக வருகிறேன் என்றால், "நீ உன் வேலையைப் பாரு" என்பாள் அக்கா. கைக்கோலும் துணிப்பையுமாகத் தனியாகவே பஸ் ஏறிவிடுவாள்.