ஜொய்சன் ஒட்டிய வால்

நிலோஜன் செய்த மாதிரி விமானத்துக்கு வால் இல்லை. மறந்துபோய் விடவில்லை, வேண்டுமென்றே வைக்கவில்லை. நூறு வருசத்துக்கு முந்தியே சிலபேர் வாலில்லாமல் விமானம் கட்டிப் பறந்தார்கள், ஊர் சிரித்தது, இன்றைக்கு ராடர் கண்ணில் மண்ணைத் தூவுகிற போர்விமானம் அதே உருவில்தான் போகிறது என்று தொழில்நுட்பக் கல்லூரியில் அவன் வாய் ஓயாமல் சொல்லிவந்தான். ஜெயராஜா சேர் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, வாலில்லாமல் ஒருதரம் பறந்து காட்டினால் பரீட்சையில் சித்தி, விழுந்தால் அடுத்த வருசமும் இதே வாங்கில் சந்திப்போம் என்றார்.

வாவி நடுவில் பறக்கவிடும் அந்தப் பரீட்சைக்கு முதல்நாள் பத்திரமாக இருக்கட்டுமென்று விமானத்தைக் கூட்டாளி ஜொய்சன் வீட்டில் வைத்தான். கல்லடியில் பட்டம் கட்டுவதில் ஜொய்சனை மிஞ்ச ஆள் கிடையாது. வாலில்லாத பட்டம் கரணமடிக்கும் என்பது அவன் வேதம். நிலோஜன் பதற்றத்தில் வாலை மறந்துவிட்டான் என்று இரங்கி, ஐஸ்கிறீம் பெட்டி மூடியை வெட்டி, பட்டத்துக்குப் பூசுகிற சோற்றுப் பசையாலேயே ஒட்டிவிட்டான்.

காலையில் தோணியடியில் அதைக் கண்ட நிலோஜன் வாலைப் பிடித்து மெல்ல அசைத்துப் பார்த்தான். பசை கல்லாய்க் காய்ந்திருந்தது; இழுத்தால் நுரைத்தகட்டில், அந்த ரெஜிபோமில் வெட்டிய இறகும் பெயர்ந்து வரும்.

"வால் வெச்சிட்டன் மச்சான், நீ பயப்பிடாத," என்றான் ஜொய்சன்.

அந்த முகத்தைப் பார்த்து யாரால் ஏச முடியும்? சேரும் ஏற்கெனவே தோணியில் ஏறிக் குந்திவிட்டார்.

வாவி நடுவுக்குப் போகும்வரை அலை தெறித்தது. ஜொய்சன் தான் போட்டிருந்த சேட்டைக் கழற்றி விமானத்தின் மோட்டரைப் போர்த்தினான். வால் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு நன்றாக நனைந்தது.

நிலோஜன் எறிந்தான். வாலின் பாரத்தில் விமானம் மூக்கைத் தூக்கி, கள்ளுக் குடித்த கொக்குப்போலத் தள்ளாடியது. சேர் பேனையைத் திறந்தார். அந்நேரம் ஊறிப்போன பசை கைவிட்டது. வால் கழன்று வாவியில் விழுந்தது. விமானம் மூக்கைத் தாழ்த்தி, சமநிலைக்கு வந்து, கல்லடிப் பாலத்தை நோக்கி ஆறுதலாகப் போய், வளைந்து திரும்பியது.

சேர் வாலையும் பார்த்தார், விமானத்தையும் பார்த்தார். நடுவானில் வாலைக் கழற்றியே காட்டிய பிறகு வேறென்ன அத்தாட்சி வேணும் என்று சித்தி போட்டார்.

ஜொய்சன் தலையைத் தொங்கப்போட்டிருந்தான். "பசை பிழைச்சிட்டு மச்சான்."

நிலோஜன் அவன் தோளில் கைபோட்டான். "நீ ஒட்டினதுக்கும் நன்றி, ஒழுங்கா ஒட்டாததுக்கும் நன்றி."

தூரத்தில் ஐஸ்கிறீம் மூடி மிதந்து போனது. அதை எடுக்காமல் கரைக்கு வரமாட்டேன் என்று நிலோஜன் அடம்பிடித்தான். சேரும் ஒரு துடுப்பை எடுத்தார்.